சதவீதத்தைப் பார்க்கும் முன் அந்த நான்கு எண்களைப் பாருங்கள்

ஆய்வு மாணவர்களும் மருத்துவர்களும் என்னிடம் கொண்டுவரும் அட்டவணைகளில், இரு குழுக்களின் சதவீத வித்தியாசத்துக்கான நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) ஏற்கெனவே போட்டிருக்கும். சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். கணக்கு பெரும்பாலும் சரிதான். அந்தக் கணக்கை அந்தத் தரவுக்குப் போடலாமா என்பதைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பழைய முறையில் சிகிச்சை பெற்ற 30 பேரில் 6 பேருக்குத் தொற்று, புதிய முறையில் 30 பேரில் ஒருவருக்கு. வித்தியாசம் கிட்டத்தட்ட 17 சதவீதப் புள்ளிகள். வழக்கமான சூத்திரத்தில் 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 1 முதல் 32 வரை வரும். பூஜ்ஜியம், அதாவது வித்தியாசமே இல்லை என்பது, அதற்குள் இல்லை, அதனால் புதிய முறையே மேல் என்று எழுதிவிடக் கை துடிக்கும். ஆனால் அந்தச் சூத்திரம் இயல்நிலைப் பரவலை (மணி வடிவ வளைவை) நம்பி நிற்பது. அது பொருந்த, இரு குழுக்களிலும் தொற்று வந்தவர்கள், வராதவர்கள் என நான்கு எண்ணிக்கைகளும் குறைந்தது 10 இருக்க வேண்டும். 5 போதும் என்கிற பாடநூல்களும் உண்டு. இங்கே இருப்பவை 6, 24, 1, 29. அந்த 1 எந்த அளவுகோலிலும் தேறாது.

புள்ளியியலாளர்கள் அக்ரெஸ்டியும் கேஃபோவும் 2000-ல் சொன்ன திருத்தம் மிக எளிது: ஒவ்வொரு குழுவிலும் ஒரு 'ஆம்', ஒரு 'இல்லை' கூட்டிக்கொள்ளுங்கள். 7/32, 2/32 என்று வைத்துக் கணக்கிட்டால் இதே தரவுக்கு இடைவெளி மைனஸ் 1 முதல் 32 வரை வருகிறது. பூஜ்ஜியம் உள்ளே வந்துவிட்டது! ஒரு குழுவில் தொற்றே இல்லாமல் 0 வந்தால் இன்னும் மோசம், வழக்கமான சூத்திரத்தில் அந்தக் குழுவின் திட்டப் பிழையும் (மதிப்பீடு எவ்வளவு மாறக்கூடும் என்ற அளவு) 0 ஆகி, இனி யாருக்கும் தொற்று வராது என்று நிச்சயமாகத் தெரிந்ததுபோல் கணக்கு நடக்கும்.

எண்ணிக்கையாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதிகக் கவலை தருவது சார்பின்மை, அதாவது ஒரு வரியின் முடிவு இன்னொரு வரியின் முடிவோடு தொடர்பில்லாமல் இருப்பது, ஏனென்றால் தரவு எப்படி வந்தது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. 60 நோயாளிகளின் 120 கண்களை 120 வரிகளாக உள்ளிட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு இரு கண்களிலும் ஒரே சிகிச்சை என்றால், ஒரு கண் தேறும்போது மறு கண்ணும் தேற வாய்ப்பு அதிகம். அங்கே 120 தனித்தனித் தகவல்கள் இல்லை. இடைவெளி பொய்யாகச் சுருங்கிவிடும். அதே ஆட்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்த்திருந்தால் அவை இரண்டு குழுக்களே அல்ல, இணைத் தரவு. அதற்கு, ஆம்/இல்லை முடிவுகளை இணை இணையாக ஒப்பிடும் மெக்நிமர் சோதனை 1947-லிருந்தே இருக்கிறது.

மாதிரி, மக்கள்தொகையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சார்பின்மைக்காகச் சொல்லும் நிபந்தனை, எடுத்தவரைத் திரும்பச் சேர்க்காமல் மாதிரி எடுக்கும்போது மட்டும்தான். சமவாய்ப்பு முறையில் ஆட்களை இரு சிகிச்சைகளுக்குப் பிரித்த சோதனையில் அதைத் தேட வேண்டாம்.

அட்டவணை அனுப்பும்போது சதவீதங்களோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு எண்ணிக்கைகளையும், ஒரே ஆள் எத்தனை வரிகளில் வருகிறார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், மீதியை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.