பட்டியலில் பெயர் இருக்கிறது, சரி, கோப்பு எங்கே?

ஆவணக் காப்பாளர் என்று சொன்னதும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "சர்வாதிகாரம்தான் ஒழிந்துவிட்டதே, ரகசியப் போலீசுக்கு உளவு சொன்னவர்களின் பெயர்களை வெளியிட்டால் என்ன?"

வெளியிடலாம். ஆனால் கையில் இருப்பது பட்டியலா, கோப்பா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பட்டியல் பெரும்பாலும் அட்டவணை அட்டைகளிலிருந்து உருவாவது. அட்டையை எழுதியவர் உளவுத்துறை அதிகாரி. இத்தனை பேரைச் சேர்த்தேன் என்று மேலே கணக்குக் காட்ட வேண்டியவர். வளைத்துப் பார்த்து வளையாத ஆளுக்கும் அட்டை இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய நிலப் பதிவேட்டுக்கு அகரவரிசை தயாரித்தேன். ஒரே பெயர்கொண்ட இருவரை ஒருவராக்கிவிட்டேன். அப்பா பெயர் வேறாக இருப்பதை மூத்தவர் ஒருவர் கண்டுபிடித்தார், திருத்தினோம். 2005-ல் போலந்தில், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால ரகசியப் போலீஸ் ஆவணங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வெளியே கசிந்தது. வில்ட்ஸ்டைன் என்ற பத்திரிகையாளர் பெயரால் 'வில்ட்ஸ்டைன் பட்டியல்' எனப்படும் அது அப்படித் திருத்தக்கூடியதாக இல்லை. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதிகாரி, உளவாளி, உளவாளியாக்க நினைக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே வரிசையில். பிறந்த தேதி இல்லை, ஊர் இல்லை. அதே பெயர் உள்ள அப்பாவிகள் என்ன செய்வார்கள்?

செக்கோஸ்லோவாக்கியாவில் 1991 மார்ச்சில், உளவு சொன்னதாகக் கருதப்பட்ட எம்.பி.க்களின் பெயர்களை நாடாளுமன்றத்திலேயே, நேரடி ஒளிபரப்பில் வாசித்தார்கள். அவர்களில் ஒருவர் யான் காவான். வழக்காடி 1996-ல்தான் அவர் மீதிருந்த களங்கம் நீங்கியது. பிறகு செக் வெளியுறவு அமைச்சரானார், ஐ.நா. பொதுச்சபைத் தலைவரானார். எல்லாருக்கும் அவரைப்போல ஐந்து வருடம் போராடத் தெம்பு இருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். பூட்டிய கோப்பு மிரட்டுபவனுக்குத்தான் உதவும். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான 'ஸ்டாசி' விட்டுப்போன காகிதம் மட்டும், வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். 1989-ல் சுமார் 1,89,000 பேர் அதற்கு ரகசியமாகத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1991 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி, தன்னைப் பற்றிய கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். கோப்பில் வரும் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர்களின் பெயர்கள் கறுப்படிக்கப்படும். தன்னை உளவு பார்த்தவரின் உண்மைப் பெயரையும் கேட்கலாம், ஆள் சந்தேகமின்றி அடையாளம் தெரிந்தால் தருவார்கள். வேரா வோலன்பெர்கர் என்ற எம்.பி.யைப் பற்றி 'டொனால்ட்' என்ற பெயரில் தகவல் கொடுத்துவந்தது அவருடைய கணவரே என்று தெரியவந்ததும் அந்த நாட்களில்தான். படித்தபின் விவாகரத்தா, மன்னிப்பா, பத்திரிகைக்குச் சொல்வதா என்பது பாதிக்கப்பட்டவர் எடுக்க வேண்டிய முடிவு. தெருவில் போகிறவர் எடுப்பதல்ல.

அப்புறம், உங்கள் போனுக்கு இப்படியொரு பட்டியல் வந்தால் யாருக்கும் தள்ளிவிடாமல் கோப்பைக் கேளுங்கள். கைப்பட எழுதிய அறிக்கை இருக்கிறதா? பணம் வாங்கிய ரசீது? அதிகாரியின் சந்திப்புக் குறிப்பு மட்டும்தானா? கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லை என்பதால் மட்டும் ஒருவரை விட்டுவிடவும் முடியாது, வாய்வார்த்தையாகச் சம்மதித்தவர்களும் உண்டு. எந்த வயதில், என்ன மிரட்டலில் சம்மதித்தார் என்பதையும் பாருங்கள். பதினெட்டு வயதுக்கு முன் உளவு சொன்னவர்களின் பெயரை ஜெர்மன் சட்டம் தருவதில்லை.