விரல் வீக்கமும் தலைச் செதிலும் ஒரே நோயாக இருக்கலாம்

கம்பம் பள்ளத்தாக்கில் மூட்டு வலி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் நோய்க்கு ஒரு பெயரையும் கையோடு கொண்டுவருகிறார்கள். வாதம், வாய்வு, இல்லையென்றால் சிக்குன்குனியா. 2006-இல் அந்தக் காய்ச்சல் பரவியதிலிருந்து இங்கே எந்தக் குடைச்சலுக்கும் அதுவே காரணமாகிவிட்டது. சோரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு வீக்கமான சோரியாசிஸ் மூட்டழற்சி என்ற பெயரோடு யாரும் வருவதில்லை. அதனால்தான் அது வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிறது.

கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண்மணியின் வலது கை மோதிர விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வீங்கியிருந்தது. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததால், வலி மாத்திரையோடு காலம் ஓடியிருக்கிறது. தலைத்துண்டை எடுக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னாலும் முடியோரத்திலும் வெள்ளைச் செதில் தடித்துக் கிடந்தது. “அது பொடுகு டாக்டர். அதற்கும் விரலுக்கும் என்ன?” என்றார். நகங்களில் படிந்திருந்த செடிக்கறையைத் துடைத்துப் பார்த்தால், குண்டூசி முனையால் குத்தியதுபோல் சிறு சிறு குழிகள். பாதி நோய் அங்கேயே விளங்கிவிட்டது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, உடலையே எதிரியாக எடுத்துக்கொள்வதால் வருவது இது. தோலைத் தாக்கும்போது செதில் உதிர்கிறது. மூட்டையும், தசைநார் எலும்போடு சேரும் இடத்தையும் தாக்கும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. சோரியாசிஸ் உள்ளவர்களில் 100-க்கு 30 பேர் வரை மூட்டுப் பாதிப்புக்கு ஆளாகலாம். பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும், மூட்டு பல வருடம் கழித்து வரும். சிலருக்கு மூட்டு முதலில் வந்துவிடும். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஒரே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ யாருக்கும் தொற்றாது.

ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஆகவே கேள்விகள்தான் எனக்கு முக்கியக் கருவி. காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. விடியலில் ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏற முடிகிறதா என்று கேட்கிறேன். ஏற முடியாமல், தோட்டத்தில் கொஞ்ச நேரம் வேலை செய்த பிறகு கை இளகுகிறது என்றால் அது அழற்சியின் வலி. உழைப்பால் தேய்ந்த மூட்டு அப்படியில்லை. வேலை செய்யச் செய்ய அதன் வலி கூடும். குதிகால் வலி, இரவில் எழுப்பிவிடும் இடுப்பு வலி, அடிக்கடி சிவந்து வலிக்கும் கண் இவையும் இதே நோயின் முகங்களாக இருக்கலாம்.

மருந்து இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. லேசான பாதிப்புக்கு வலி, வீக்க மாத்திரைகளே போதும். பல மூட்டுகள் வீங்கினால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டில் தொடங்குகிறோம். விலை குறைந்த, பழகிய மருந்து. ஆனால் இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சனிக்கிழமை இரவு என்று அட்டையிலேயே எழுதிக் கொடுக்கிறேன். குமட்டினாலும் மறுநாள் மலைக்குப் போக வேண்டியதில்லை. ஃபோலிக் அமில மாத்திரை வேறொரு நாளில். மது கூடாது. ஈரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. கருவுக்கு ஆகாத மருந்து என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு அடாலிமுமாப், செக்குகினுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. செலவு அதிகம். தொடங்குமுன் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் அடாலிமுமாப் போன்றவை அதை எழுப்பிவிடக்கூடும். உடல் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் கவனிப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். இந்த நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். தமிழக-கேரள எல்லைக்கு இருபுறமும் பெயரில்லாத மாத்திரையையும் பொடியையும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். திடீரென்று நிறுத்தும்போது தோல் முன்னிலும் மோசமாக வெடிக்கலாம், உடல் முழுக்கச் சீழ்க்கொப்புளம்கூட வரலாம். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். மீதமுள்ள பொட்டலத்தையும் எடுத்து வாருங்கள்.

தோல் மருத்துவரிடம் மூட்டு வலியைச் சொல்லுங்கள். மூட்டுக்குப் பார்ப்பவரிடம் தலை, முழங்கை, தொப்புளில் உள்ள செதிலைக் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது சோரியாசிஸ் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவருவதோடு, விரல்களில் மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல் வாருங்கள்.