'பால் பத்தலை' என்று எழுதும் முன்

பிரசவ வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் இரண்டாம் நாள் இரவு தெரியும். பிறந்த அன்று பேசாமல் தூங்கிய குழந்தை, மறுநாள் ராத்திரி பதினொரு மணி வாக்கில் அழ ஆரம்பிக்கும். மார்பில் வைத்தால் இரண்டு நிமிடம் சப்பும், விட்டுவிடும், மறுபடி அழும். பிள்ளை பெற்றவள் தையல் வலியோடு உட்கார முடியாமல் உட்கார்ந்திருப்பாள். கூட இருக்கும் பாட்டி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் நடப்பார். கடைசியில் யாராவது ஒருவர் நர்ஸ் மேசைக்கு வந்து நிற்பார்: "சிஸ்டர், இவளுக்குப் பால் பத்தலை. பவுடர் பால் ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

அந்த நேரத்தில் சிஸ்டர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் அடுத்த ஆறு மாதமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை நான் பயிற்சி வகுப்புகளில் தெரிந்துகொள்ளவில்லை. என் தப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். அப்படி ஓர் இரவில் ஒரு பெண்ணின் மார்பை அழுத்திப் பார்த்தேன். இரண்டு சொட்டு வந்தது. 'பால் சுரப்பு இல்லை, புட்டிப்பால் தொடங்கப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவள் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தபோது குழந்தை முழுக்கப் புட்டியில் இருந்தது. "ஏம்மா தாய்ப்பால் கொடுக்கலை?" என்று கேட்டேன். "நீங்கதானே சிஸ்டர் பால் இல்லைன்னு சொன்னீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். என் பேச்சை அவ்வளவு நம்பியிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குத் தாய்ப்பாலின் நன்மைகள் தெரியாமல் இல்லை. சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒவ்வோர் ஆகஸ்டும் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் வரும். கோலம் போடுவோம், உறுதிமொழி எடுப்போம். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழந்தை பால் குடிப்பதை எப்படிப் பார்ப்பது என்று யாரும் எனக்குக் காட்டித் தந்ததில்லை. இரண்டாம் நாளில் அழுத்திப் பார்த்தால் இரண்டு சொட்டுதான் வரும், அதுதான் இயல்பு என்பதும் தெரியாது.

இப்போது நான் செவிலியர்களுக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பாலூட்டல் பயிற்சி கொடுக்கிறேன். நிறையப் பயிற்சிகள் இன்னமும் அந்த ஆகஸ்ட் மாத நிகழ்ச்சி மாதிரியே நடக்கின்றன. அரை நாள், அறுபது பேர், ஒரு திரை, நன்மைகளின் பட்டியல், அப்புறம் டீ, சமோசா. போகும்போது எல்லோருக்கும் சான்றிதழ். மறுநாள் வார்டில் எதுவும் மாறியிருக்காது.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் 'வெற்றிகரமான தாய்ப்பாலூட்டலுக்குப் பத்துப் படிகள்' என்று வகுத்தன. அதில் இரண்டாம் படியே பணியாளர் பயிற்சிதான். பின்னால் மகப்பேறு மருத்துவமனைப் பணியாளர்களுக்கென்று 20 மணி நேரப் பாடத்திட்டம் வந்தபோது, அதில் குறைந்தது 3 மணி நேரம் தாயின் பக்கத்தில் இருந்து செய்து பழக வேண்டும் என்று வைத்தார்கள். 2018-இல் பத்துப் படிகளைத் திருத்தியபோது, எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, பணியாளருக்கு வேலை தெரிகிறதா, திறன் இருக்கிறதா என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். என் அனுபவத்தில் அந்த 3 மணி நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மீதி 17-ஐப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

போன வருடம் நடந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். காலையில் வகுப்பு. சாக்ஸில் பஞ்சு அடைத்துச் செய்த மார்பும் துணிப் பொம்மையும் வைத்து எல்லோரும் பழகினார்கள். மதியம் வார்டுக்குப் போனோம். சிசேரியன் ஆகி இரண்டாம் நாள், முதல் பிரசவம். குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, அதன் தலையை மட்டும் மார்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள் அந்தப் பெண். தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், அந்தக் குழந்தையின் கஷ்டம் புரியும். காம்பில் வெடிப்பு. குழந்தை சப்பும்போதெல்லாம் அவள் கால் விரல்கள் மடங்கின.

என்னோடு வந்த இளம் செவிலியர் பார்த்தவுடனே கை நீட்டினார். ஒரு கையால் மார்பைப் பிடிக்க, இன்னொரு கையால் குழந்தையின் பிடரியைப் பிடித்து அழுத்த. நாம் எல்லோரும் செய்வதுதான். பிடரியை அழுத்தினால் குழந்தை முரண்டு பிடிக்கும், தலையைப் பின்னால் தள்ளும். 'குழந்தைக்கு மார்பு பிடிக்கலை' என்று அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுவோம். நான் அவரிடம், "கையைப் பின்னால கட்டிக்கோங்கம்மா. வாயால மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவே பாதி வேலை. தாயின் முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னார். குழந்தையின் வயிறு தாயோடு ஒட்டியிருக்கும்படி உடம்பு முழுவதையும் திருப்பச் சொன்னார். தையலில் படாமல் இருக்க, குழந்தையின் கால்களைத் தாயின் அக்குள் வழியாகப் பின்னால் விட்டுப் பிடிக்கச் சொன்னார். மூக்குக்கு நேராகக் காம்பு. அப்புறம் காத்திருந்தோம். காம்பு உதட்டில் உரசியதும் குழந்தை வாயைக் கொஞ்சம் திறந்தது. "இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்" என்றார். கொட்டாவி விடுகிற மாதிரி அகலமாகத் திறந்ததும், "இப்போ கொண்டு வாங்க, தாடை முதல்ல படட்டும்" என்றார். அவள் கொண்டுவந்தாள்.

முதலில் வேகவேகமாகச் சப்பல். பிறகு நிதானமானது. தாடை ஆழமாக இறங்கி, ஒரு நொடி நின்று, விழுங்கும் சத்தம். கீழுதடு வெளியே மலர்ந்திருந்தது. கன்னம் குழி விழாமல் உருண்டையாக இருந்தது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் குழந்தையின் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரிந்தது. நாங்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்க, அவள் "வலிக்கலை சிஸ்டர்" என்றாள். கால் விரல்கள் நேராகியிருந்தன. எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம் இருக்கும். நாங்கள் யாரும் அவளைத் தொடவே இல்லை. அடுத்த முறை ராத்திரி இரண்டு மணிக்கு அவளே செய்துகொள்வாள் என்பதுதான் இதில் விஷயம். நாம் பிடித்து வைத்தால், ஒவ்வொரு முறையும் நாம்தான் பிடித்து வைக்க வேண்டும்.

கண்ணுக்கு அடுத்தது காது. வகுப்பில் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் தாய், ஒருவர் செவிலியர் என்று பேசச் சொல்வேன். எல்லோரும் முதலில் கேட்பது "நல்லா பால் கொடுக்கிறியாம்மா?" என்றுதான். அதற்கு "ஆமா சிஸ்டர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. கொடுக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? 'நல்லா', 'சரியா', 'போதுமா' ஆகிய மூன்று வார்த்தைகளையும் விட்டுவிட்டுக் கேளுங்கள் என்பேன். "ராத்திரி எப்படிப் போச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பொலபொலவென்று எல்லாம் வரும்: தூக்கமில்லை, காம்பு எரிகிறது, மாமியார் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார், பக்கத்துக் கட்டில் குழந்தை தூங்குகிறது, என்னுடையது மட்டும் தூங்கவில்லை.

மாமியாரையும் பாட்டியையும் திட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எல்லாம் குழந்தை மேல் இருக்கும் அக்கறையால் வருவதுதான். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் நாம் அதட்டினால் மறைத்துக் கொடுப்பார்கள். "நீங்க எத்தனை பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்க பாட்டிம்மா?" என்று ஆரம்பித்தால், நாலு பிள்ளைக்கும் பவுடர் இல்லாமல் பால் கொடுத்த கதையை அவரே மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவரைவிட நல்ல பயிற்சியாளர் அந்த அறையில் கிடையாது.

இனி அளவு. பணியாளர்கள் மனதில் இது பதிந்துவிட்டால் இரண்டாம் நாள் இரவின் பயம் பாதி போய்விடும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு முறைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லிதான். இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி. ஒரு பாலாடையில் ஊற்றிக் காட்டினால் அடியில் கொஞ்சமாகத் தெரியும், அவ்வளவுதான். நாம் பயந்துபோய்ப் புட்டியில் 30, 40 மில்லி கொடுக்கும்போது குழந்தை அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடும். 'பாரு, பசிதான்' என்று வீட்டார் முடிவுக்கு வருவார்கள். அது தூங்கும் நேரமெல்லாம் மார்பு உறிஞ்சப்படாமல் இருக்கும். உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். உறிஞ்சாவிட்டால் ஊறுவது குறையும். 'பத்தலை' என்ற சொல் அப்படித்தான் உண்மையாகிவிடுகிறது.

பத்துகிறதா என்பதைத் துணியைப் பார்த்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு முறையாவது சிறுநீர் என்று ஏறி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையாமல் போக வேண்டும். மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லித்தருகிறேன். எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், குழந்தை எழுப்பினாலும் எழும்பாமல் துவண்டு கிடந்தால், மூன்று நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை தெரிந்தால், மஞ்சள் காமாலை கூடினால், 'தாய்ப்பாலே போதும்' என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்குக் கறந்த பாலோ, தானப் பாலோ, பவுடர் பாலோ மருந்து மாதிரி தேவைப்படும். மருந்து என்றால் காரணம், அளவு, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தாயும் அந்த நேரத்தில் பாலைக் கறந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாயிடம் நீ தோற்றுவிட்டாய் என்கிற மாதிரி ஒரு பார்வைகூட நம்மிடமிருந்து போகக் கூடாது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். அந்த முதல் ஒரு மணி நேரம் யார் கையில் இருக்கிறது? தாய் எங்கள் மேசையில் படுத்திருக்கிறாள், குழந்தை எங்கள் கையில் இருக்கிறது. எடை பார்ப்பது, துடைத்துப் பொதிவது, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது என்று அந்த நேரத்தைச் செலவழிப்பது நாங்கள்தான். தமிழ்நாட்டில் அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், தியேட்டரிலேயே நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையைப் போட முடியும். அதற்கு மயக்க மருத்துவரும் தியேட்டர் செவிலியரும் பயிற்சிக்கு வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவர்களைக் கூப்பிடுவதே இல்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு. சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பால் நிறைய இறங்குவது மூன்றாம் நாள், நாலாம் நாள். மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டு, காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்து, குழந்தையால் பிடிக்க முடியாமல் தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுவது வீட்டில். அதை வார்டு செவிலியர் பார்ப்பதில்லை; கிராமச் சுகாதாரச் செவிலியர்தான் பார்க்கிறார். அதனால் இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துத்தான் இப்போது வகுப்பு எடுக்கிறேன். பால் கட்டியிருக்கும்போது கருவளையத்தைச் சுற்றி விரல் நுனிகளால் ஒரு நிமிடம் மெதுவாக உள்நோக்கி அழுத்தி இளக்கினால் குழந்தை பிடித்துக்கொள்ளும். முன்பே கொஞ்சம் கையால் கறந்துவிடலாம். முரட்டுத்தனமாகப் பிசையக் கூடாது, பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. வார்டை விட்டுப் போகும் ஒவ்வொரு தாய்க்கும் கையால் பால் கறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்த நாலாம் நாள்தான்.

பயிற்சிக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பதையும் பணியாளர்கள் கேட்டுப் பழக வேண்டும். இந்தியாவில் குழந்தைப்பால் மாற்று, புட்டி, குழந்தை உணவுகளுக்கான சட்டம் 1992-இல் வந்தது, 2003-இல் திருத்தப்பட்டது. பால் பவுடர் நிறுவனங்கள் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிசோ பணமோ கொடுப்பதையும், கருத்தரங்குக்கும் பயிற்சிக்கும் பணம் தருவதையும் அது தடை செய்கிறது. பெயர் பொறித்த பேனாவும் நாட்காட்டியும் வார்டு மேசைக்கு வந்தால், அது வாங்கக் கூடாத பொருள் என்று கடைநிலை ஊழியர் வரை தெரிந்திருக்க வேண்டும்.

முப்பது கட்டிலுக்கு ஒரு செவிலியர் இருக்கும் இரவில், ஒரு தாயின் பக்கத்தில் பதினைந்து நிமிடம் எப்படி உட்கார்வது என்று பயிற்சியில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் அதே இரவுகளைக் கடந்து வந்தவள்தான். ஆள் கூட்டித் தர வேண்டியது நிர்வாகம், அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் நான் சொல்வது, ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தாய்மாரையாவது பாருங்கள். முதல் பிரசவம், சிசேரியன், எடை குறைந்த குழந்தை, இவர்களில் இருந்து ஆரம்பியுங்கள்.

பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த வார்டுக்குப் போயிருந்தேன். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். முன்பெல்லாம் 'தாய்ப்பால் நன்று' என்று ஒரே வரி, எல்லாக் கட்டிலுக்கும் ஒரே கையெழுத்தில் இருக்கும். இப்போது ஒன்றில் இப்படி இருந்தது: 'இரவு 1.20. இடது பக்கம். வாய் அகலமாகத் திறக்கிறது. விழுங்கும் சத்தம் கேட்டது. வலி இல்லை. வலது பக்கம் இன்னும் பிடிக்கவில்லை, காலையில் பார்க்கவும். சிறுநீர் 2.' அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில்: 'காலை 8.10. வலது பக்கமும் பிடித்துவிட்டது.'