சொல் விளக்கம்: பட்டி பார்த்தல்

கிருஷ்ணகிரியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். என் காதில் ஒரு நாளில் அதிகம் விழும் சொல் 'பெயிண்ட்' அல்ல, 'பட்டி'. பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளத்தையும் விரிசலையும் நிரப்பி மட்டமாக்கும் பூச்சு அது. வீடு கட்டுகிறவர் பட்டி கேட்கிறார், கார் பட்டறைக்காரர் பட்டி கேட்கிறார், கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் தச்சரும் பட்டிதான் கேட்கிறார். மூன்றும் வேறு வேறு பொருள்கள். கேட்பவரின் கையைப் பார்த்தே எந்த டப்பாவை எடுப்பது என்று முடிவு செய்துவிடுவோம். விரல் இடுக்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் சுவருக்கு, நகத்தடியில் கிரீஸ் இருந்தால் வண்டிக்கு.

சென்ற மாதம் சென்னையிலிருந்து அக்கா மகன் அழைத்தான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறான். இருபது அடி நீளம், பைபர் உடல், முப்பது வயதைத் தாண்டியது. வெயிலில் நிறம் செத்துப்போய், தடவினால் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகிறதாம். "மாமா, உடம்பு முழுக்கப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க வேண்டும். வேலையாட்களுக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒட்டப் போகிறோம். பட்டிக்குச் சரியான தமிழ் என்ன?" என்று கேட்டான்.

ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இரண்டு நாள் தவணை கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். பண்ணைக் குட்டையில் பிள்ளைகளுக்காக விட்டிருந்த பைபர் பெடல் படகில் விரிசல் விழுந்திருந்தது. "நல்ல பட்டியாகக் கொடுங்கள்" என்றார். நான் வண்டிப் பட்டியைக் கொடுத்தேன். இரண்டு மழைக்காலம் போன பிறகு அவரே என்னை அழைத்துப் போய்க் காட்டினார். தண்ணீருக்குள் கிடந்த பகுதியில் பட்டி ஊறி, உப்பி, மேலிருந்த பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு புண்ணின் பொருக்கு போல உதிர்ந்திருந்தது. கேட்டதும் பட்டி, கொடுத்ததும் பட்டி. ஒரு சொல்லுக்குள் நாலு பொருளைத் திணித்து வைத்திருந்ததால் நேர்ந்த பிழை அது. எதற்கு என்று நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். பூசும் பட்டி ஆங்கிலச் சொல். ஆங்கிலத்துக்கு அது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் 'போத்தே' என்றால் ஒரு பானை நிறைய உள்ள பொருள் என்று அர்த்தம். 'போ' என்பது பானை. உலோகத்தையும் கண்ணாடியையும் மெருகேற்றப் பயன்பட்ட, வெள்ளீயத்தைச் சுட்டு எடுத்த தூளுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு சுண்ணக்கல் மாவையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் பசைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அங்கிருந்துதான் நம் ஊர் ஜன்னலுக்கும் சுவருக்கும் கார் கதவுக்கும் வந்து சேர்ந்தது.

நம் மண்ணில் இதே ஒலியில் ஒரு பட்டி ஏற்கெனவே இருந்தது. ஆடு மாடுகளை அடைக்கும் இடம் பட்டி. அதைச் சுற்றி வளர்ந்த சிற்றூரும் பட்டி. பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என்று தருமபுரிப் பக்கம் எண்ணிக்கொண்டே போகலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், படகு இல்லம் இருக்கிற ஏரிக்கே அவதானப்பட்டி ஏரி என்றுதான் பெயர். இந்தப் பட்டிக்கும் அந்தப் பட்டிக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனால் நாக்குக்குப் பழகிய ஒலி என்பதால் வந்த சொல் எந்த மாற்றமும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. பெயிண்ட், பிரஷ் எல்லாம் இன்னும் வெளியூர்க்காரர்கள் போலத் தோன்றுகின்றன. பட்டி அப்படித் தோன்றுவதில்லை. ஓசூர், பர்கூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் பெயிண்டர்கள் இதையே லப்பம் என்பார்கள். அவர்கள் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதே மூட்டைதான்.

பட்டி அயல்சொல். ஆனால் 'பட்டி பார்த்தல்' முழுக்கத் தமிழ். பட்டி பூசுவது என்று யாரும் அதிகம் சொல்வதில்லை. பட்டி பார்ப்பது என்றுதான் சொல்கிறோம். வைத்தியம் பார்த்தார், பிரசவம் பார்த்தாள், மராமத்துப் பார்த்தார்கள் என்னும்போது யாரும் சும்மா கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கை வைத்துச் செய்து, சரியாக வந்ததா என்று தேர்ந்து, விட்டுப்போனதை மறுபடி செய்து முடிப்பது அந்தப் 'பார்'. நாடி பார்ப்பதிலும் பதம் பார்ப்பதிலும் கண்ணுக்கு வேலையே இல்லை.

என் கடைக்கு எதிரில் உள்ள பட்டறையில் ஒரு மூத்த தொழிலாளி இருக்கிறார். கார் கதவில் பட்டி காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, உள்ளங்கைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மெல்லிய மல் துணியை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தடவுவார். தடவும்போது பார்வை தெருவில் இருக்கும். வெறும் கை தோல் பிடித்துப் பிடித்துப் போகும்; துணி வழுக்கிக்கொண்டு போகும், அதனால் மயிரிழைப் பள்ளம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். பட்டி பார்ப்பது என்பது அதுதான். படகுக்கும் இதே கை வேண்டும். பளபளப்பான பெயிண்ட் எதையும் மறைக்காது, ஒவ்வொரு பள்ளத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

பைபர் படகின் உடம்பு கார் தகடு போன்றதல்ல. அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சை அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடித்து, அதன் மேல் கண்ணாடியிழைப் பாயையும் பிசினையும் அடுக்கடுக்காக வைத்து வார்ப்பார்கள். அதாவது வெளித்தோல்தான் முதலில் பிறக்கிறது. அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய மெழுகும், பிறகு பளபளப்புக்காகப் போட்ட மெழுகும் அந்தத் தோலில் இருக்கும். அதைக் கரைப்பானால் துடைத்து எடுக்காமல் உப்புத்தாளைப் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். மேலே அடிக்கும் எதுவும் பிடிக்காது. ஒரு துணியால் நனைத்து, நனைத்த இடம் காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும் என்று மருமகனுக்கு முதல் வரியாக எழுதச் சொன்னேன்.

இன்னொரு நோயும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும் படகில் நீர் ஜெல்கோட்டைத் தாண்டி உள்ளே புகுந்து, பிசினில் மிச்சமுள்ள பொருள்களோடு சேர்ந்து அமிலமாகிக் கொப்புளம் கட்டும். குத்தினால் பீய்ச்சி அடிக்கும் நீரில் வினிகர் வாடை வரும். அந்தக் கொப்புளங்களைத் திறந்து, கழுவி, நன்றாக உலரவிட்டுத்தான் அடைக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் நோயை உள்ளே வைத்துத் தைத்தது போல ஆகும்.

அடைப்பது எதனால் என்பதில்தான் சொல்லின் வேலை வருகிறது. வண்டிப் பட்டி பாலியெஸ்டர் பிசினும் மாக்கல் மாவும் சேர்ந்தது. அந்த மாவு நீரை உறிஞ்சும், ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே அதற்கு இடமில்லை. அங்கே வேண்டியது எபாக்சி என்னும் வேறு வகைப் பிசின். அதிலும் இரண்டு வகை. ஆழமான குழியை அடைக்க, சிலிக்கா தூளோ வெட்டிய இழையோ கலந்த கெட்டியான கலவை வேண்டும். அது கல் போல இறுகும், தேய்ப்பதற்குப் பாடுபடுத்தும். பரப்பை மட்டமாக்க, கண்ணுக்குப் பிடிபடாத வெற்றுக் கண்ணாடி உருண்டைகளைக் கலந்த லேசான கலவை வேண்டும். அது எளிதில் தேயும். வண்டிப் பட்டியில் ஹார்டனரை, அதாவது இறுக வைக்கக் கலக்கும் பொருளை, கூட்டினால் சீக்கிரம் இறுகும், நம் ஊர் மே மாத வெயிலில் குழைக்கும் தகட்டிலேயே கட்டியாகிவிடும். எபாக்சியில் அந்தக் கணக்கு செல்லாது. அளவு மாறினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். பட்டறைப் பழக்கத்தில் வருகிற ஆள் சறுக்குவது இங்கேதான்.

இனி தமிழ்ச் சொல். பழைய தச்சர்கள் மரத்தின் சந்துகளையும் ஆணிக் குழியையும் அடைக்க, மரத்தூளைப் பசையில் குழைத்து வைப்பார்கள். அதற்கு மக்கு என்று பெயர். என் தந்தை காலத்துத் தச்சர்கள் வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று 'மக்கு' என்றால் படிப்பு ஏறாத பிள்ளையைத் திட்டும் சொல்லாக மட்டும் நினைக்கிறார்கள். ஒரு தொழிலின் சொல்லைத் திட்டுக்கு விட்டுக்கொடுத்தது எனக்கு உண்மையாகவே வருத்தம். குப்பை மக்குகிறது என்னும் வினையோடு குழம்புமே என்று ஒருவர் கேட்டார். அது மட்குதல், பேச்சில்தான் மக்குதல் ஆனது. குழப்பம் வராது.

கடற்கரையில் கலப்பற்று என்ற சொல்லும் உண்டு. மரக்கலத்தின் பலகைச் சந்துகளில் நாரும் பிசினும் திணித்து அடைப்பது அது. கலம், பற்று என்று பிரித்தால் செந்தமிழ் போலவே இருக்கிறது. ஆனால் அரபியில் இந்த வேலைக்குக் கல்ஃபத்த என்றும், போர்த்துகீசியத்தில் இதைச் செய்பவருக்குக் கலஃபாத் என்றும் பெயர். சொல் அந்தக் கடல்வழியில் வந்தது என்பதே பொருத்தம். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் பைபர் படகில் பலகையும் இல்லை, சந்தும் இல்லை. ஆகவே அதை எடுக்கவில்லை. முன்பகுதிக்கு அணியம், அடிக்கட்டைக்கு ஏரா என்ற மீனவர் சொற்களை மட்டும் எழுதச் சொன்னேன்.

ஆகவே பொருளுக்கு மக்கு. குழியை அடைப்பது அடைமக்கு. மட்டம் பார்ப்பதற்கு முதலில் 'இழைமக்கு' என்று வைத்தேன், தச்சர் இழைப்பதை நினைத்து. உடனே அடித்துவிட்டேன். கண்ணாடியிழை கலந்த மக்கு ஒன்று கடையில் இருக்கிறது. அந்தப் பெயர் அதற்குப் போய்விடும். ஆகவே தேய்மக்கு. வீட்டுக்கு உள்ளது சுவர்மக்கு, காருக்கு உள்ளது வண்டிமக்கு. செயலுக்கு மட்டும் நான் கை வைக்கவில்லை. மக்குப் பார்த்தல் என்றே இருக்கட்டும். பழக்கத்தில் பட்டி பார்த்தல் என்று சொல்கிறவரையும் திருத்த வேண்டாம். பிழை நேர்வது டப்பாவின் பெயரில்தான்.

மருமகன் எழுதி ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பினான். இரண்டு டப்பாக்களின் மூடியில் அடைமக்கு, தேய்மக்கு என்று மார்க்கரில் எழுதியிருந்தது. கீழே, தேய்க்கும்போதும் பெயிண்ட் கலக்கும்போதும் முகமூடி கட்டாயம் என்று சிவப்பில் ஒரு வரி. 'மக்குப் பார்த்த பின்' என்பதில் ப் விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொல்லி உடனே அழைத்தேன்.