கார் பெயின்ட்டைத் தேய்ப்பதற்கு முன்

பாலிஷ் போட வேண்டும் என்று எங்கள் பட்டறைக்கு வரும் கார்களில் பலவற்றின் பெயின்ட்டைக் கெடுத்திருப்பது வெயிலோ மழையோ அல்ல. தினமும் காலையில் துடைக்கும் காய்ந்த துணிதான். கறுப்பு அல்லது அடர்நீலக் காரின் பானட் மீது செல்போன் டார்ச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். தூசியில் இருக்கும் நுண்ணிய மணல் துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கி அரைபடுவதால் வருபவை அவை. வெள்ளைக் காரிலும் அவை இருக்கவே செய்கின்றன, கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நாம் பெயின்ட் என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் பல அடுக்குகள் கொண்டது. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் காரில் இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது. அதிலும் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த ஓர் அடுக்குதான். ரப்பிங் கம்பவுண்டு என்னும் தேய்க்கும் பசையைப் போட்டு மெஷின் ஓட்டும்போது கீறல் 'நிரம்புவதில்லை'. கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையே சீவி எடுக்கிறோம். ஆகவே தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று ரப்பிங் செய்துகொண்டே போனால், சில ஆண்டுகளில் ரூஃபும் பானட்டும் வெளிறிப் பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கும். அதன் பிறகு எந்த பாலிஷும் பலன் தராது. தேய்த்துவிட்டுப் புதிதாக பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

எனவே வீட்டில் செய்யும் பராமரிப்பு என்பது முதலில் கழுவும் முறையைத் திருத்துவதுதான். காரை நிழலில் நிறுத்தி, தகடு தொட்டால் சுடாத நிலைக்கு வந்த பிறகு, முதலில் வெறும் தண்ணீரை அடித்து மணலை இறக்கிவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு இன்னொரு வாளி என வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கரத்தைத் துடைத்த துணி மறுபடி கதவைத் தொடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி துவைக்கும் பவுடரும் ஏற்கெனவே போட்டிருக்கும் வேக்ஸை அகற்றிவிடும் என்பதால் அவை வேண்டாம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியைப் போல உப்பு மிகுந்த போர் தண்ணீர் வரும் இடங்களில், கழுவியதை அப்படியே காயவிடுவதுதான் பெரிய தவறு. துளி காய்ந்த இடத்தில் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையங்களாகப் படிந்துவிடும். கழுவிய கையோடு தடித்த மைக்ரோஃபைபர் துணியை ஈரத்தின் மேல் பரப்பி ஒற்றி எடுத்தாலே இதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். புதிய வளையங்களுக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும். பழையவை கிளியர் கோட்டையே அரித்திருக்கும்.

மரத்தடி நிழல் நல்லதுதான், ஆனால் பறவை எச்சத்தை மாலை வரை விட்டுவைக்கக் கூடாது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலமும், வெயிலில் சூடாகி இளகும் கிளியர் கோட்டும் சேர்ந்து ஒரே நாளில் அழியாத தடத்தை ஏற்படுத்திவிடும். நகத்தால் சுரண்டாமல், நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு பானட்டில் இடும் சந்தனம், குங்குமத்துக்கும் இதே முறைதான். (அன்றே துடைப்பதால் தெய்வக் குற்றம் ஆகிவிடாது என்று வாடிக்கையாளர் வீட்டுப் பெரியவர்களிடம் ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருக்கிறது.) வாட்டர் சர்வீஸில் பளபளப்புக்காக டீசல் அடித்துத் தருவதையும் மறுத்துவிடுங்கள், தூசி அதில்தான் நன்றாக ஒட்டும், ரப்பர் பாகங்களும் ஊறிக் கெடும்.

பாதுகாப்புப் பூச்சுகளில் வேக்ஸும் ஸ்பிரே சீலன்ட்டும் வீட்டிலேயே தாராளமாகச் செய்யக்கூடியவை. சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். கிளியர் கோட்டின் மேல் தடவியதும் இறுகிக் கெட்டியாகும் திரவப் பூச்சான செராமிக் கோட்டிங்கை வீட்டில் போட நினைப்பவர்கள், அது காய்ந்து இறுகுவதற்குள் மிச்சத்தைத் துடைத்து எடுக்கத் தவறினால் அந்தத் திட்டுகளை மெஷின் வைத்துத்தான் அகற்ற முடியும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலும், '9ஹெச்' என்று விளம்பரத்தில் வருவது பென்சில் கொண்டு செய்யும் சோதனையின் அளவு. சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்று அதற்குப் பொருளில்லை. கல் தெறிப்பைத் தாங்குவது 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள பி.பி.எஃப். (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்னும் நிறமற்ற பிளாஸ்டிக் படலம் மட்டுமே. கார் முழுக்க ஒட்டச் செலவு அதிகம் என்பதால், பானட்டின் முன்பகுதிக்கும் பம்பருக்கும் மட்டும் ஒட்டினாலே நெடுஞ்சாலைப் பயணிகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

நிறத்தை மாற்றிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிறப் படலமான வினைல் ராப் ஏற்றது. பிடிக்காவிட்டால் சூடுகாட்டி உரித்துவிடலாம். ஆனால் டிங்கரிங் செய்து உள்ளூரில் பெயின்ட் அடித்த பகுதியிலிருந்து உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடலாம். வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஹார்டனர் கலந்த டூ-கே பெயின்ட்டை ஸ்பிரே செய்வதை மட்டும் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணியாலான முகக்கவசம் அதைத் தடுக்காது.

காரின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் என்பதால், முழு நிறத்தையும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவைத் திருத்திக்கொள்வது அவசியம். இல்லையேல் இன்ஷூரன்ஸ் கோரும்போதும் காரை விற்கும்போதும் கேள்வி எழும். அண்மைக்காலமாக மேட் ஆலிவ் கிரீன் கேட்டு இளைஞர்கள் பலர் வருகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே ஒதுக்கியிருப்பதால், அவர்களிடம் வேறு நிறங்களுள்ள கேட்லாக்கைத்தான் எடுத்து வைக்கிறோம்.