ரத்த குரூப் வேறு என்றால் சொந்தம் விட்டுப்போகுமா?

போன மாதம் ஒரு பழைய மாணவி கல்யாணப் பத்திரிகையோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "மேம், ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணிட்டோம். எனக்கு ஓ, மாமாவுக்கு பி. குரூப் வேற வேறதான், ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்றாள்.

இந்தக் கல்வியாண்டில் இதே வார்த்தைகளை நான் கேட்பது நான்காவது முறை. சேலத்தில் இருபது வருடமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். இவள் என் வகுப்பில் முன்வரிசை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எந்தப் பண்பு வரும் என்று கணக்குப் போடும் புன்னட் கட்டத்தை ஸ்கேல் வைத்துப் போடுவாள். மெண்டல் 1866ல் பட்டாணிச் செடியைப் பற்றி வெளியிட்டது, ஏழு பண்புகள், 9:3:3:1 எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்தப் பாடம் அவள் வீட்டு வாசலோடு நின்றுபோயிருக்கிறது. எனக்கு வந்தது கோபமா வருத்தமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ரத்த குரூப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மனிதனுக்குச் சுமார் 20,000 ஜீன்கள். ஏ, பி, ஓ குரூப்பைத் தீர்மானிப்பது அதில் ஒன்றே ஒன்று, ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த ஒன்று வேறாக இருப்பதால் மற்றவையும் வேறு என்று எப்படிச் சொல்ல முடியும்? அப்பா ஏபி, அம்மா ஓ என்று வையுங்கள். பிள்ளைகள் ஏ அல்லது பி. அப்பா குரூப்பும் கிடையாது, அம்மா குரூப்பும் கிடையாது. அதனால் அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை என்று ஆகிவிடுமா? அந்த வீட்டில் அண்ணன் ஏ, தங்கை பி என்று இருக்கலாம். கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று ஆகிவிடுமா? இதற்கு நேர் எதிரான கூத்தும் நடக்கிறது. சொந்தமே இல்லாத நல்ல வரன், இருவருக்கும் ஓ பாசிட்டிவ், "ஒரே குரூப், குழந்தைக்கு ஆகாது" என்று தட்டிக் கழிக்கிறார்கள். அதுவும் தப்பு.

அம்மாபேட்டைப் பக்கம் வீட்டில் தறி இருக்கும் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு. பாவில் ஒரு இழை அறுந்திருந்தால் அந்தப் பாவில் நெய்கிற சேலை அத்தனையிலும் அந்தக் கோடு ஓடும். முந்தி நிறத்தை மாற்றி நெய்துவிட்டால் கோடு போய்விடுமா? குடும்பத்தில் ஓடும் கோளாறு அந்தக் கோடு, ரத்த குரூப் வெறும் முந்தி நிறம்.

இந்தக் குழப்பத்தில் எங்கள் பாடத்திட்டத்துக்கும் பங்கு உண்டு. மரபியலில் பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு பரிசோதனையைத்தான். விரலைக் குத்தி, மூன்று சொட்டு ரத்தம் வைத்து, நீல மருந்து, மஞ்சள் மருந்து, நிறமில்லாத மருந்து விட்டு, எதில் திரிகிறது என்று பார்ப்பது. அப்புறம் மரபியல் என்றாலே ரத்த குரூப் என்று மனதில் பதிந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் குரூப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. தாய் ஆர்ஹெச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அதற்கும் சொந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவளை உட்கார வைத்து, பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் குடும்ப வரைபடம் போடச் சொன்னேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாட்டி, தாத்தா, அம்மா, மாமா, அவள். கடைசியில் அவளையும் மாமாவையும் இணைக்கப் பேனாவை வைத்தாள், நிறுத்தினாள். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு போட வேண்டும். தேர்வில் அதைச் சரியாகப் போட்டு மதிப்பெண் வாங்கியவள்தான். மெதுவாக இரண்டாவது கோட்டையும் இழுத்தாள்.

பாட்டியிடம் ஒடுங்கிய கோளாறு ஒன்று, அதாவது ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாமல், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் மட்டும் நோயாகும் கோளாறு, மறைந்து இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டோம். மாமாவுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவளுக்கு நான்கில் ஒன்று. இருவரிடமும் இருக்க எட்டில் ஒன்று. இருவரிடமும் இருந்துவிட்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இது ஒரு கோளாறுக்கு மட்டும். அப்படிச் சில கோளாறுகளைச் சுமக்காத மனிதர் யாரும் இல்லை, தாத்தா பக்கமும் இருக்கும்.

மேச்சேரிப் பக்கத்து மாணவன் ஒருவன் வகுப்பில் சொன்னான், "எங்கப்பா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கிடாயை மாத்திடுவாரு மேம், இல்லாட்டி குட்டி தேறாது" என்று. ஆட்டுக்குத் தெரிந்த கணக்கு நமக்கும் தெரிய வேண்டாமா?

பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. பொதுவாக நூறில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மாமன் என்றால் இன்னும் கூடும், ஏனென்றால் ஜீன்களில் நான்கில் ஒரு பங்கு பொது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணமாவது சொந்தத்துக்குள் நடக்கிறது. அதனால் இது யாரோ நாலு பேர் விஷயம் இல்லை.

தயவுசெய்து பேச்சு எடுக்கும்போதே யோசியுங்கள், பத்திரிகை அடித்த பிறகு அல்ல. நிச்சயமாகிவிட்டால், இருவரும் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். பெரிய அரசு மருத்துவமனையில் கேட்டால் எங்கே போவது என்று வழி சொல்வார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு ஹெச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, ஹீமோகுளோபின் அளவு மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கர்ப்பமானதும் முதல் தடவை மருத்துவரைப் பார்க்கும்போதே சொந்தத்தில் கட்டியதைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஸ்கேன் நார்மல் என்றால் எல்லாம் நார்மல் என்று அர்த்தம் இல்லை. குழந்தைக்குக் காது கேட்குமா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அந்தக் கவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். இரவு எட்டு மணிக்கு அவள் அம்மா கூப்பிட்டார்.

"மேடம், எங்க பெரியப்பா பேரன் ஒருத்தன் இருக்கானுங்க. பேச்சு வரலை. சின்னதுல பயந்துட்டான்னு சொல்வாங்க. அது இதுல சேருமுங்களா?"

"அவன் அப்பா அம்மா சொந்தமா?"

"ஆமாங்க. அத்தை பொண்ணுதான்."

காது கேட்காததால் பேச்சு வராமல் இருந்திருக்கலாம், சேர வாய்ப்பு இருக்கிறது என்றேன். அந்தப் பையனுக்குக் காது பரிசோதனை செய்த ரிப்போர்ட் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, ஆலோசனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள் என்று சொன்னேன்.