கரும்புள்ளி ரத்தமா, கால்சியமா?

மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் கடுகளவில் இரண்டு கரும்புள்ளிகள். ஒன்று எப்போதோ கசிந்த ரத்தத்தின் எச்சம், மற்றது கால்சியப் படிவு. கசிவு என்றால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை எழுதுமுன் மருத்துவர் இருமுறை யோசிப்பார். கால்சியம் என்றால் பல நேரங்களில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு.

இரண்டையும் பிரிப்பது காந்த ஏற்புத்திறன். வெளிக் காந்தப்புலத்தில் வைத்த பொருள் தானும் எவ்வளவு காந்தமாகிறது என்பதற்கான அளவு அது. நீர் டயா காந்தப் பொருள், அதாவது வெளிப்புலத்தைச் சற்றே எதிர்ப்பது. அதன் ஏற்புத்திறன் பத்து லட்சத்தில் மைனஸ் 9 பங்கு. கால்சியப் படிவு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே புலத்தை எதிர்க்கும். பழைய கசிவில் எஞ்சும் ஹீமோசிடரினில் இரும்பு இருப்பதால் அது பாரா காந்தம், புலத்துக்கு வலுச்சேர்க்கும். சிரைகளில் ஓடும் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் அப்படித்தான். காய்ந்த ரத்தத்தை 1845இல் சோதித்த ஃபாரடே அதில் காந்தத்தன்மையைக் காணவில்லை. தமனி ரத்தம் டயா, சிரை ரத்தம் பாரா என்று வேதியியலாளர்கள் பாலிங்கும் கோர்யெலும் காட்டியது 1936இல்தான்.

சரி, இரண்டும் ஏன் கறுப்பாகின்றன? 3 டெஸ்லா புலத்தில் நீரின் புரோட்டான்கள் நொடிக்கு 12.77 கோடி முறை சுழல்கின்றன. புலம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் நொடிக்கு 128 சுற்று கூடும் அல்லது குறையும். ஒரே தாளத்தில் தொடங்கிய கோலாட்டத்தில் சிலர் முந்த, சிலர் பிந்த, கோல்கள் தாறுமாறாகத் தட்டுவதுபோல, புள்ளியைச் சுற்றியுள்ள புரோட்டான்கள் ஒன்றின் சமிக்ஞையை மற்றொன்று அழித்துவிடுகின்றன. முந்துவதும் பிந்துவதும் இங்கே ஒன்றுதான். எஞ்சுவது கறுப்பு, அதுவும் உண்மையான அளவைவிடப் பெரிதாக. எர்வின் ஹான் 1950இல் கண்டறிந்த ஸ்பின் எக்கோ முறை இந்தச் சிதறலைப் பெருமளவு சரிசெய்துவிடும். ஏற்புத்திறனைப் பார்க்க விரும்புவோர் அதனால்தான் அதைத் தவிர்த்து கிரேடியன்ட் எக்கோ முறையில் படமெடுக்கிறார்கள்.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்கேனர் உண்மையில் இரண்டு எண்களைத் தருகிறது: சமிக்ஞையின் வீச்சு (அதன் வலிமை), அதன் கட்டம் (phase, சுழற்சியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது). யார் முந்தினார், யார் பிந்தினார் என்பது கட்டத்தில் இருக்கிறது. நெடுங்காலம் வீச்சை மட்டும் அச்சிட்டுவிட்டுக் கட்டத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இது பெரிய வீணடிப்பாகவே தோன்றுகிறது. 1997இல் ரைகன்பாக், ஹாக்கே குழுவினர் மூளையின் நுண் சிரைகளைப் படமாக்கக் கட்டத்தைப் பயன்படுத்தினர். கட்டத்திலிருந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1 வரையான ஓர் எண்ணைத் தரும் ஒரு முகமூடியை உருவாக்கி, அதை வீச்சுப் படத்துடன் வழக்கமாக நான்கு முறை பெருக்குவார்கள். மங்கலாக இருந்த சிரைகள் கருங்கோடுகளாக எழுந்துவரும்.

அப்படியானால் கட்டத்தின் பிளஸ், மைனஸ் குறியைப் பார்த்தே ரத்தமா கால்சியமா என்று சொல்லிவிடலாமே? அவ்வளவு எளிதல்ல. முதலாவதாக, எந்தக் குறியை வெள்ளையாகக் காட்டுவது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், புலமாற்றம் பொருளுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை என்பது. உருண்டையான ஓர் இரும்புப் படிவு, முதன்மைப் புலத்தின் திசையில் தன் இரு முனைகளுக்கு அப்பால் புலத்தைக் கூட்டும். இடுப்பைச் சுற்றிக் குறைக்கும். புலத்துக்கு இணையாக ஓடும் சிரையும் குறுக்காக ஓடும் சிரையும் தமக்குள்ளேயே எதிரெதிர்க் குறியைக் காட்டும்.

ஆகவே புலத்தின் வரைபடத்திலிருந்து அதை உண்டாக்கிய பொருளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இதுவே அளவுசார் ஏற்புத்திறன் படமாக்கம். இந்தக் கணக்கில் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. ஃபூரியே வெளியில், அதாவது படத்தை அலைகளாகப் பிரித்து எழுதும் கணித வெளியில், புலத்தின் திசையிலிருந்து 54.7 பாகை சாய்ந்த கூம்பின் மேல் புலம் எந்தத் தகவலையும் தருவதில்லை. அங்கே சுழியத்தால் வகுக்க நேரிடுகிறது. கண்மூடித்தனமாக வகுத்தால் படம் முழுதும் கோடு கோடாகக் கீறல் விழும். தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குறைந்தது மூன்று முறை ஸ்கேன் எடுத்தால் ஒரு கோணத்தின் குருட்டுப் பகுதியை மற்றொரு கோணம் நிரப்பிவிடும். குறுகிய குழாய்க்குள் படுத்திருக்கும் நோயாளியிடம் இதைக் கேட்பது கொடுமை. நடைமுறையில் ஒரே ஸ்கேனை வைத்து, வீச்சுப் படத்தில் திசுக்களின் விளிம்பு தெரியும் இடங்களிலேயே ஏற்புத்திறனும் மாறும் என்ற ஊகத்தால் இடைவெளியை நிரப்புகிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் வரைபடத்தில், வழக்கமான காட்சிமுறைப்படி, ரத்த எச்சம் வெள்ளையாகவும் கால்சியம் கறுப்பாகவும் பிரிந்து நிற்கும். எண்களைப் படிப்பவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை ஒப்பீட்டு மதிப்புகள். சுழியம் எங்கே என்பதைக் கணக்கு சொல்வதில்லை; பல ஆய்வகங்கள் மூளை அறைகளில் உள்ள தண்டுவட நீரைச் சுழியமாக வைத்துக்கொள்கின்றன, வேறு சில முழு மூளையின் சராசரியை எடுத்துக்கொள்கின்றன.